றேடியோ அண்ணையின் கடதாசித் துண்டு

அண்மையில் எனது மருமகன் ஒருவன் சிறிய அட்டைப்பெட்டியொன்றுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியியல் படித்தவன். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, வெங்காயத் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து, தேவையானபோது மட்டும் கிணற்று மோட்டரை இயக்கும் கருவியொன்றைச் செய்துகொண்டிருக்கிறான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. சுண்ணக்கல்லின் கீழே தேங்கி நிற்கும் நீரை நம்பியே எமது தோட்டங்கள் உள்ளன. ஆகவே இவர்களின் முயற்சியில் எனக்கும் அக்கறை உண்டு.

பெட்டிக்குள்ளே பச்சை நிறத்தில் 20 மின்சுற்றுப் பலகைகள் இருந்தன. சீனாவின் ஷென்சென் நகரில் அச்சிடப்பட்டு வந்தவை. இருபதும் பிழையானவை. டிரான்சிஸ்டர் ஒன்றின் மூன்று கால்களும் புகவேண்டிய இடங்கள் வரிசை மாறிப்போயிருந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிழையை அவர்கள் இரண்டு கிழமைகளுக்கு முன்னரே கண்டுபிடித்துத் திருத்தியும் இருந்தார்கள்.

"திருத்தினது நாங்கள்தான் மாமா. அனுப்பினது பழசு" என்றான்.

கணினியைத் திறந்து காட்டினான். 'இறுதி', 'இறுதி 2', 'புதிய இறுதி', 'இதுதான் இறுதி' என்று வரிசையாக நான்கு கோப்புறைகள். எதை எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதை மூவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இது புதிய கதையன்று. திருத்திய ஒப்புத்தாள் மேசையிலே கிடக்க, திருத்தாத பக்கம் அச்சேறிய இரவுகளை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று கால்களைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது பத்திரிகை அலுவலகமன்று. 1993 இல் நான் அடிக்கடி போய்வந்த ஒரு திருத்தகம்.

சுன்னாகத்தில் இருந்த அந்தத் திருத்தகத்தின் உரிமையாளரை எல்லோரும் 'றேடியோ அண்ணை' என்றே அழைப்பார்கள். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் வருவதில்லை. பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலே அச்சாகிய காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னோட்டத்தில் மக்கள் வானொலி கேட்டார்கள். இரவு 'தமிழோசை' கேட்காவிட்டால் மறுநாள் எங்கள் முதற்பக்கம் நிரம்பாது.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே ஒவ்வொரு வானொலியின் பலகையிலும் நான்கு டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் அண்ணை சேர்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. பழுதான உதிரிப்பாகத்துக்கு அதே பாகம் கிடைப்பதில்லை. ஜப்பானிய வானொலிகளில் பரவலாக இருந்த சி945 டிரான்சிஸ்டர் எரிந்துபோனால், கைவசமுள்ள ஐரோப்பிய பிசி547 ஐப் போடுவார். வேலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கால்களின் வரிசைதான் வேறு. தட்டையான முகத்தை எம்மை நோக்கிப் பிடித்தால், பிசி547 இல் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என்று வரும். சி945 இலோ காலி, சேகரிப்பான், அடி என்று வரும். ஆகவே கால்களை முறுக்கி, ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய குழாய் மாட்டி, இடம் மாற்றி ஒட்டுவார்.

வேலை முடிந்ததும் அவர் தவறாமற் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சிறிய கடதாசித் துண்டில் திகதி, மாற்றிய பாகம், மாற்றிய காரணம் மூன்றையும் எழுதி, மடித்து, வானொலியின் பின்மூடிக்குள்ளே வைப்பார். அதையே தமது கொப்பியிலும் எழுதிக்கொள்வார். எங்கள் அலுவலக வானொலிக்குள் அவ்வாறான துண்டுகள் மூன்று இருந்தன. 'இது எதற்கு அண்ணை?' என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, கொம்பனி கீறின படம் இப்ப இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. நாளைக்கு இதைத் திறக்கிறவன் நானாய் இருக்கவேணும் எண்டில்லை" என்றார்.

கணினித் துறையினர் இன்று 'பதிப்புக் கட்டுப்பாடு' என்று எதனைச் சொல்கிறார்களோ, அதன் சாரம் முழுவதும் அந்த விடையில் இருந்தது. என்ன மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை அழியாதிருக்க வேண்டும்.

தமிழுக்கு இது அந்நியமான சிந்தனையன்று. ஏட்டுச் சுவடிக் காலத்தில் ஒவ்வொரு பிரதியும் தனியொரு பதிப்பே. ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருந்தன. எழுதியவர் ஒன்று நினைக்க, படியெடுத்தவர் வேறொன்று வாசிப்பார். படியெடுத்தபின் பழைய ஏட்டை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தமையால், எது மூலம், எது திருத்தம் என்று அறியும் வழி அடைபட்டுப்போனது.

இந்தச் சிக்கலுக்குள் துணிந்து இறங்கியவர்களுள் முதன்மையானவர் எமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901). வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர். அவர் பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரை, ஆறுமுக நாவலரின் பரிசோதனையுடன் 1868 இல் வெளிவந்தது. 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை என அவருடைய பணி தொடர்ந்தது. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப்பெற்று, ஒப்புநோக்கி, எது பொருந்தும் என்று தீர்மானிப்பதே அவ்வேலை. உ. வே. சாமிநாதையர் தாம் ஏற்காத பாடங்களையும் அடிக்குறிப்பிலே பாடபேதமாகக் காட்டிச் சென்றார். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், இரண்டும் ஒரு தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பிழைகூட ஒரு சுவடியின் வமிசத்தைக் காட்டும் தடயம் என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிந்திருந்தார்கள்.

செப்புக் கோடுகளால் ஆன பலகைக்கு வருவோம். அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் தந்தை எனக் கருதப்படுபவர் போல் ஐஸ்லர். 1907 இல் வியன்னாவில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். பொறியியல் கற்றும் தம் ஊரில் வாழ வழியின்றி 1936 இல் இங்கிலாந்துக்குப் போனார். கம்பிகளைக் கையால் ஒவ்வொன்றாக ஒட்டுவதற்குப் பதிலாக, செப்புத் தகட்டில் கோடுகளை அச்சிட்டு, வேண்டாத செப்பை அமிலத்தால் அரித்தகற்றும் முறையை அவர் வகுத்தார். அதைக் காட்டுவதற்கு அவர் செய்த கருவியும் ஒரு வானொலிதான். 1943 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

மின்சுற்று 'அச்சு' ஆனதும் அச்சுத்தொழிலின் நோய்களும் கூடவே வந்தன. பலகையின் கோடுகளை வரைபவர்கள் ஒளிபுகும் தாளில், உண்மை அளவின் இரு மடங்காகவோ நான்கு மடங்காகவோ, கருநிற ஒட்டுநாடாவை ஒட்டி, பின்னர் ஒளிப்படமெடுத்துச் சிறிதாக்கினார்கள். திருத்தம் வந்தால் கத்தியால் நாடாவைக் கீறி எடுத்து வேறு நாடா ஒட்டுவார்கள். முந்திய நிலை அந்தக் கணத்திலேயே அழிந்துவிடும். எஞ்சுவது வரைபடத்தின் மூலையில் உள்ள சிறு கட்டம் மட்டுமே. திருத்தம் ஏ, திருத்தம் பி என்று எழுத்தும், திகதியும், ஒப்பமும் அதில் இடம்பெறும். அமெரிக்க வரைபட நியமத்தின்படி ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய எழுத்துக்கள் அக்கட்டத்தில் வரக்கூடாது. ஐ என்பது ஒன்றாகவும் ஓ என்பது பூச்சியமாகவும் வாசிக்கப்பட்டுவிடும் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். ரகரமும் காலும் மயங்கிய எமது ஏடுகளை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் விளங்கும்.

நாடா போய்க் கணினி வந்தபோது வேறொரு வியன்னாக்காரரின் பெயர் இவ்வரலாற்றில் நுழைகிறது. 1924 இல் பிறந்த ஜோசப் கேர்பர், நாஜிகளிடமிருந்து தப்பி 1940 இல் அமெரிக்காவை அடைந்தவர். ஒளியாற் படம் வரையும் அவருடைய நிறுவனத்தின் இயந்திரங்களுக்குக் கட்டளையிடப் பிறந்த கோப்பு வடிவமே இன்றும் உலகமெங்கும் பலகைத் தொழிற்சாலைகளுக்குச் செல்வது. அதன் பெயரும் 'கேர்பர்' தான். செப்பின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கோப்பு, எழுத்துக்களுக்கு ஒன்று, பச்சைப் பூச்சுக்கு ஒன்று என அது ஒரு கட்டாக இருக்கும். மருமகனின் தவறு நிகழ்ந்தது இவ்விடத்திலேதான். மூல வரைபடத்தை அவன் திருத்தினான். அதிலிருந்து கேர்பர் கோப்புகளை மீண்டும் உருவாக்க மறந்துவிட்டான். கையெழுத்துப் படியைத் திருத்திவிட்டுப் பழைய அச்சுப் பக்கத்தையே இயந்திரத்தில் ஏற்றியதற்கு இது சமம்.

மென்பொருள் எழுதுவோர் இந்நோய்க்கு முன்னரே மருந்து கண்டிருந்தார்கள். 1972 இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரோச்கைண்ட் என்பவர் நிரலின் மாற்றங்களை வரிவரியாகப் பதிந்துவைக்கும் முறையொன்றை உருவாக்கினார். 1982 இல் வெளிவந்த ஆர்.சி.எஸ். என்னும் மென்பொருள், கடைசி நிலையை முழுமையாகவும் முந்தியவற்றை வேறுபாடுகளாகவும் வைத்துக்கொண்டது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் முறையைத் தொடக்கினார். ஒவ்வொரு நிலைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் 40 எழுத்து நீளமான முத்திரையொன்று உண்டு. ஓரெழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். வேலை செய்யும் ஒவ்வொருவர் கணினியிலும் கடைசிப் பிரதியோடு வரலாறு முழுவதும் இருக்கும்.

இம்மருந்து பலகைக்கு அப்படியே பொருந்தவில்லை. நிரல் என்பது எழுத்து. பலகை என்பது படம். எழுத்தில் எந்த வரி மாறியது என்று கணினி காட்டிவிடும். பலகையிலோ ஒரு பாகத்தைச் சிறிது நகர்த்தினால் நூற்றுக்கணக்கான எண்கள் மாறும், மின்சுற்று மாறியிராது. மாறாக, ஒரேயொரு எண் மாறியதனால் சுற்று முழுவதும் செயலிழந்துபோகலாம். நெடுங்காலமாகப் பல வரைதல் மென்பொருள்கள் தம் கோப்புகளை மனிதர் வாசிக்க முடியாத வடிவிலேயே சேமித்தன. 1992 இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஷோன்-பியர் ஷராஸ் தொடக்கிய கீகாட் என்னும் இலவச மென்பொருள், வரைபடத்தை எளிய எழுத்துக் கோப்பாகச் சேமித்தது. அதன் வளர்ச்சிக்கு ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான சேர்ன் பின்னர் துணைநின்றது. இன்று அத்தகைய கோப்புகளை 'கிட்' இல் வைத்து, இரு நிலைகளையும் படமாக மாற்றி ஒன்றன்மேலொன்றாக இட்டு, வேறுபாட்டை நிறத்தாற் காணமுடிகிறது. இரண்டு ஏடுகளை அருகருகே விரித்து ஒப்புநோக்கும் அதே வேலைதான்.

ஆனாலும் பலகைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மென்பொருளிற் பிழை இருந்தால் மறுநாள் திருத்தம் அனுப்பலாம். செப்பில் அச்சானதை அவ்வாறு மீட்க இயலாது. 2019 ஜூனில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில், மின்னூட்டும் வாயிலின் இரு ஊசிகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் தடையி வைத்திருக்க வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள். அதனால் சிலவகை வடங்களை மாட்டினால் கணினி இயங்க மறுத்தது. அடுத்த திருத்தத்திற் குறை நீங்கியது. ஆனால் விற்றுப்போன பலகைகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. ஒருவர் கையிலிருப்பது முந்தியதா பிந்தியதா என்று அறிய, அந்தப் பலகையின் திருத்த இலக்கத்தைவிட எளிய வழி அவருக்கு இல்லை. மின்பாகங்களின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு தடையி எதற்கும் காணாது. அதன் வரலாறு தெரியாதிருப்பதுதான் செலவை ஏற்றுகிறது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொல்லிவிட்டு, றேடியோ அண்ணையின் கொப்பிக்கு நேர்ந்ததையும் சொன்னேன். 1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தது. அண்ணையும் குடும்பத்தோடு தென்மராட்சிக்குப் போனார். 1996 இல் திரும்பி வந்தபோது திருத்தகத்தின் சுவர்கள் நின்றன, கொப்பி இல்லை. ஊர் திரும்பியவர்கள் பழுதான வானொலிகளைக் கொண்டுவந்தார்கள். பின்மூடிக்குள் கடதாசித் துண்டு இருந்த பெட்டிகளை அவர் விரைவில் திருத்திக் கொடுத்தார். துண்டு தவறிப்போன பெட்டிகளில், தம் கையாலேயே செய்த மாற்றங்களைத் தாமே மீண்டும் அளந்து அளந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "நான் செய்ததே எனக்குப் பிடிபடேல்லை தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சில ஆண்டுகளில் அவரும் புலம்பெயர்ந்து போனார்.

கொப்பி தொலைந்தும் துண்டுகள் எஞ்சியமைக்குக் காரணம், அவை ஒரே இடத்தில் இல்லாமல் ஊரெல்லாம் பரவியிருந்தமையே. இதைச் சொல்லும்போது யாழ்ப்பாணத்தவன் எவனுக்கும் 1981 நினைவுக்கு வராமற் போகாது. மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் வாங்கிச் சேர்க்க முடிந்தது. அங்கே மட்டுமே இருந்த ஏடுகளை மீட்க வழியே இல்லை. 'கிட்' பிறந்த அதே 2005 இல், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பாதுகாக்கும் 'நூலகம்' திட்டம் தொடங்கியது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. இழப்பைப் பற்றிய கவலை மட்டும் பொதுவானது: வரலாறு ஓரிடத்தில் மட்டும் இருக்கக்கூடாது.

அன்று மாலை மருமகனும் நண்பர்களும் எங்கள் விறாந்தையில் அமர்ந்து, அண்ணையின் முறைப்படியே டிரான்சிஸ்டரின் கால்களை முறுக்கி, குழாய் மாட்டி, 20 பலகைகளையும் காப்பாற்றினார்கள். நான்கு 'இறுதி'களையும் ஒழுங்குபடுத்தி, திகதி முறைப்படி 'கிட்' இல் ஏற்றினார்கள். அதன் பிரதியொன்று கனடாவிலுள்ள நண்பன் ஒருவனிடமும் இருக்கிறது. இனிமேல் கேர்பர் கோப்புகளை அனுப்புமுன், அவை எந்த நிலையிலிருந்து பிறந்தவை என்பதைப் பலகையிலேயே அச்சிடுவதென்றும் முடிவாயிற்று.

புறப்படுமுன் ஒன்று கேட்டேன். "இந்த இருபதும் தோட்டத்துக்குப் போகப்போகுது. உங்கட படத்திலை இருக்கிறது ஒண்டு, இதிலை இருக்கிறது இன்னொண்டு. நாளைக்கு ஒருத்தன் திறந்தால் என்ன செய்வான்?"

மருமகன் சற்று யோசித்தான். பிறகு உள்ளே போய் என் மேசையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துவந்து, இருபது துண்டுகளாக வெட்டத் தொடங்கினான்.